சிவப்பு மூடிப் பை

அக்டோபர் 4

வெல்ல மண்டிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒன்பது மாதமாக பீரோவுக்கு மேலே கிடந்தது. இன்றுதான் தூசி தட்டினேன். எனக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது, கத்த இடமில்லை. வீட்டுக்காரரிடம் கத்தினால் அவருக்கு பிரஷர் ஏறும். நான் வேலை பார்க்கிற சத்துணவுக் கூடத்தில் கத்தினால் பிள்ளைகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடும். மதினியிடம் கத்தினால் தெருவே கூடிவிடும். அதனால் எழுதுகிறேன்.

காலையில் அவர் காலை அமுக்கிப் பார்த்தேன். விழுந்த குழி அப்படியே நின்றது. மறுபடியும் தண்ணீர் ஏறுகிறது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒரு வருஷம் ஆகிறது. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். தினம் நாலு தடவை, ஒரு பைத் தண்ணீரை அதன் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, ஊற வைத்து, வெளியே எடுத்துவிட்டு அடுத்த பையை இறக்க வேண்டும். உடம்பில் சேர்ந்த கழிவும் மிச்சத் தண்ணீரும் அதோடு வந்துவிடும். உள்ளே போனதைவிட வெளியே வருவது கூடுதலாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. காலை, மாலை, இரவு மூன்று வேளையும் நான் போடுகிறேன். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பதால் அவரே போட்டுக்கொள்கிறார். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூக்கைக் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறார்.

சாயங்காலம் மதினி வந்தார். இவருக்கு மூத்த அக்கா, செண்பகவல்லி. பக்கத்துத் தெருதான். வந்தவர் தம்பியின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன உலகு, காலு பூரி கெணக்கா இருக்கு? நீ பைய ஒழுங்காத்தான் போடுதியா, இல்ல ஏனோதானோன்னா?"

பதில் இதோ இங்கே எழுதியிருக்கிறேன்: மதினி, ஒரு நாள் வந்து நீங்கள் போட்டுப் பாருங்கள்.

அக்டோபர் 9

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இதயம் பலவீனமாக இருப்பதால் தண்ணீர் சேரவே கூடாது, இனிமேல் மத்தியானத்துக்கு மட்டும் மஞ்சள் மூடிப் பைக்குப் பதிலாகச் சிவப்பு மூடிப் பை போடுங்கள் என்றார். ஏன் என்று இவர் கேட்டார். டாக்டர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜெபக்கனி சிஸ்டர்தான் வெளியே பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார். "அண்ணாச்சி, ஒங்க வயித்துக்குள்ள கொடலச் சுத்தி ஒரு மெல்லிசுத் தோல் இருக்கு. உயிருள்ள தோல். அதுல இருக்க ஒவ்வொரு செல்லும் ஒரு வாசக்கதவு மாதிரி. தண்ணி போகும் வரும், உப்பு போகும் வரும். ரத்த அணு மாதிரி பெரிய உருப்படி போகாது. எந்தப் பக்கம் கெட்டியா இருக்கோ அந்தப் பக்கம் தண்ணி ஓடும். அதுக்குத்தான் பையில சர்க்கரை கலந்திருக்கு. மாங்கா மேல உப்பப் போட்டா தண்ணி விடுதுல்லா, அதே கததான். செவப்பு மூடில சர்க்கரை ஜாஸ்தி. நல்லா இழுத்துரும்."

"சர்க்கரையா?" என்றார் இவர்.

"கொஞ்சம் ரத்தத்துலயும் ஏறும் அண்ணாச்சி. கதவு ரெண்டு பக்கமும் தெறக்குமே. அதுக்கு இன்சுலின் கூட்டிக்கிடலாம், பயப்படாதீக."

நான் சிஸ்டருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. பையில் சர்க்கரை இருப்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இவரிடம் மருந்துத் தண்ணீர் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

இவர் இனிப்பை விட்டவர். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடை வைத்துக்கொண்டு, தினம் பாகு காய்ச்சிக்கொண்டு, பத்தொன்பது வருஷமாக ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. மகள் பிறந்த வருஷம் கழுகுமலை முருகனிடம் போய் இனிப்பை விட்டுவிட்டு வந்தார். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். கடை ஓடுவதற்காக என்று நான் நினைத்துக்கொண்டேன். பாகு பதத்தைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்து, தட்டில் தட்டி, சத்தத்தை வைத்துச் சொல்வார். கல்யாண வீட்டில் இலையில் ஜிலேபி விழுந்தால் இலையையே மாற்றச் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி வந்து, அது சிறுநீரகத்தையும் தின்றது. முருகனுக்கும் நையாண்டி உண்டு என்று ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

பஸ்ஸில் சாத்தூர்க்காரக் கூட்டம் நெரித்தது. கயத்தாறு தாண்டியதும் என் காதுக்குள் கேட்டார். "மஞ்சள் மூடிலயும் சர்க்கரை இருக்கா உலகு?"

"இல்ல. அது வெறும் உப்புத் தண்ணி. செவப்புல மட்டுந்தான்" என்றேன்.

மனுஷன் மூச்சு விட்டார். நடுப் பஸ்ஸில் வைத்து வேறென்ன சொல்வது?

அக்டோபர் 10

சிவப்பு மூடிப் பைகள் வந்துவிட்டன. இவரே வாங்கி அடுக்கினார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

அக்டோபர் 17

ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக மழை. மிட்டாய் கசிகிறது. மழைக்காலத்தில் வெல்லம் காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். காலையில் கட்டிய பாக்கெட் மதியத்துக்குள் பிசுபிசு என்று ஒட்டுகிறது. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்து இரண்டு பெண்களோடு நானும் பாக்கெட் போட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடி வந்து, மத்தியானம் அவர் இறக்கிய தண்ணீரை வெளியே எடுத்தேன். ஸ்பிரிங் தராசில் மாட்டினால், உள்ளே போனதைவிடக் குறைச்சல். தராசைத் தட்டி மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதே. சிவப்பு மூடி இழுக்கும் என்றார்களே, என்னத்தை இழுத்தது?

"ஒழுங்காத்தான் போட்டீகளா?"

"போட்டேன் உலகு. குப்பையில மூடி கெடக்கு பாரு."

பார்த்தேன். சிவப்பு மூடி கிடந்தது.

அக்டோபர் 23

பை கொண்டுவந்து போடுகிற பையனோடு வாசலில் சண்டை. மஞ்சள் மூடிப் பை குறைகிறது. மாதக் கடைசி வரை வர வேண்டிய பெட்டியில் இப்போதே அடி தெரிகிறது. எண்ணிப் போடத் தெரியாதா, வியாதிக்காரர் வீட்டில் கொள்ளையா என்று கேட்டேன். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

"அக்கா, நான் எண்ணித்தான் போட்டேன். அண்ணாச்சியே கையெழுத்துப் போட்டாரு. கேட்டுப் பாருங்க."

இவர் உள்ளேயிருந்து, "விடு உலகு, சின்னப் பயல் பாவம்" என்றார். ஊரில் இருக்கிற எல்லாரும் பாவம். நான் மட்டும்தான் ராட்சசி.

அக்டோபர் 30

முகமும் வீங்கிவிட்டது. காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணையை அண்டை கொடுத்துச் சாய்ந்து தூங்குகிறார். தண்ணீரை அளந்து கொடுக்கிறேன். உப்பில்லாமல் ரசம் வைத்து அதை நானும் சாப்பிடுகிறேன், அவர் மட்டும் சாப்பிட்டால் முகத்தைச் சுளிக்கிறார் என்று. இதற்கு மேல் ஒரு பொம்பளை என்ன செய்ய வேண்டும்?

மதினி இன்று கடைக்கே வந்துவிட்டார். பாக்கெட் போடுகிற பெண்கள் முன்னால் நிற்க வைத்துக் கேட்டார்.

"என் தம்பி ஒரு வருசம் நல்லாத்தான இருந்தான். இப்ப என்ன ஆச்சு? ஒனக்கு வேல பெருசு, கட பெருசு. அவன் வயித்துல என்ன போகுது என்ன வருதுன்னு நீ பாக்கியா?"

"அதத்தான் மதினி நாலு வேளையும் பாத்துக்கிட்டிருக்கேன்."

"பாத்துருந்தா ஏன் ஊதுது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. தெரியாததனால்தான் இவ்வளவு கோபம். மிட்டாய் வெட்டுகிற கத்தியைத் தட்டில் எறிந்தேன். அது தெறித்துப் போய் தராசில் விழுந்தது. மதினி போய்விட்டார்.

நவம்பர் 3

மறுபடியும் திருநெல்வேலி. என் கணக்கையெல்லாம் டாக்டர் பார்த்தார். மத்தியானம் சிவப்புப் பை போட்டும் சாயங்காலம் வெளியே வருவது குறைகிறது என்றால் வயிற்றுத் தோல் களைத்துவிட்டது, இனி அது தண்ணீரை வடிக்காது என்றார்.

"அப்ப என்ன செய்ய சார்?"

"மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். வாரம் மூணு தடவை இங்க வரணும். ஆனா இவருக்கு இருக்கிற இதயத்துக்கு அது தாங்குமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு வாரம் பார்ப்போம். இப்படியே இருந்தா கழுத்துல ஊசி போட்டு ஆரம்பிச்சிரலாம்."

தாங்குமா என்று தெரியாது. அதை டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிற குரலில் சொன்னார். வாரம் மூன்று நாள் திருநெல்வேலி என்றால் என் வேலை போகும், கடை மூடும். அதெல்லாம் போகட்டும். இந்த மனுஷன் இருப்பாரா?

இவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் உயிரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற எண்ணமே இல்லாதவர்போல் இருந்தார்.

நவம்பர் 4

நான் போட்ட பையெல்லாம் சுத்தமாகப் போட்டேன். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிச் சொன்னேன்.

நவம்பர் 6

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். மத்தியானம் நானே பை போடுகிறேன் என்றேன். இவர் விடவில்லை. "ஆர்டர் நிக்குது, நீ கடைக்குப் போ. நான் போட்டுக்கிடுதேன்" என்றார். போனேன். பாதி வழியில் பாக்கெட் கவர் கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. அது பின்கட்டில் இருப்பதால் சந்து வழியாகத் திரும்பி வந்தேன்.

முருங்கை மரத்தடியில் எறும்பு. சாரைசாரையாக, மழையிலும் விலகாத எறும்பு. மரத்தடிக்கு என்ன கேடு என்று பார்த்துக்கொண்டே நிமிர்கிறேன், பின்வாசலில் இவர் நிற்கிறார். மூக்கைக் கட்டியிருக்கிறார். கை சுத்தமாகக் கழுவியிருக்கிறது. ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் சிவப்பு மூடிப் பை. மூலையைக் கத்தரித்து, கல்யாண வீட்டில் தண்ணீர் பரிமாறுகிறவர்போல நிதானமாக முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பை கை நழுவி விழுந்தது.

வாசலோரம் சுருட்டி வைத்திருந்த காலி வெல்லச் சாக்கைப் பிரித்தேன். கத்தரித்த சிவப்புப் பைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன, எறும்பு மொய்க்க. கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த மஞ்சள் மூடிகள். சிவப்பை மரத்துக்கு ஊற்றிவிட்டு, மூடியை மட்டும் என் கண்ணில் படும்படி குப்பையில் போட்டுவிட்டு, தனக்கு மஞ்சளைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பையனை நான் கொள்ளைக்காரன் என்று திட்டினேன்.

"ஏன்? சாகப் போறீகளா? சொல்லிட்டுச் சாகுங்க!"

"நீதான உலகு சொன்ன, மஞ்சள்ல சர்க்கரை இல்லன்னு. அதான்..."

அதற்கு நான் என்ன செய்ய? பஸ்ஸில் கூட்டம்.

"எல்லாத்துலயும் இருக்கு! மஞ்சள்லயும் இருக்கு. ஒரு வருசமா தினம் நாலு வேள உள்ள போயிருக்கு. வெல்லம் தண்ணிய இழுக்கும்னு ஒங்களுக்கு நான் படிச்சுக் குடுக்கணுமா? மழைக்கு மிட்டாய் கசியுதே, அது எதனால? அந்தச் சர்க்கரைதான் ஒங்கள உசிரோட வச்சிருக்கு!"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். மகள் பிறந்தபோது எனக்கு ஜன்னி கண்டு, நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தேனாம். அது எனக்குத் தெரியும், மகளை மதினிதான் பார்த்துக்கொண்டார் என்றும் தெரியும். தெரியாதது இது. டாக்டர்கள் கையை விரித்த அன்று இவர் கழுகுமலைக்கு ஓடினாராம்.

"உலகு பொழச்சு எந்திரிச்சா, இனிப்புங்கறது இந்த ஒடம்புக்குள்ள போகாதுன்னு சொன்னேன். வாய்க்குள்ளன்னு சொல்லல. ஒடம்புக்குள்ளன்னுதான் சொன்னேன். மறுநா நீ கண்ணு முழிச்ச."

"ஒரு வருசமாத்தான் உள்ள போயிருக்கே. நான் செத்தா போயிட்டேன்?"

"அது தெரியாமப் போச்சு. தெரியாமச் செஞ்சத சாமி கணக்குல வைக்காது. இப்பத் தெரிஞ்சிருச்சே உலகு. தெரிஞ்சே எப்படிப் போட?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் உயிரை வைத்து நேர்ந்துகொள்ள இவரிடம் யார் சொன்னது? நேர்ந்ததைப் பத்தொன்பது வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது யார்? பிழைக்க வைத்ததற்கு வட்டியாக இப்போது என்னைத் தாலியைக் கழற்றச் சொல்கிறாரா? இதையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். டைரி எழுதியும் பிரயோஜனமில்லை.

நவம்பர் 7

ஜெபக்கனி சிஸ்டருக்கு போன் போட்டேன். அவர் சிரித்தே விட்டார். "அப்ப தோல் நல்லாத்தான் இருக்குக்கா! ஒடனே செவப்பப் போடுங்க, தண்ணி எறங்கிரும். கழுத்துல ஊசியே வேண்டாம்." அவருக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷம்.

இவர் எந்தப் பையும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். சிவப்பு மட்டுமல்ல, மஞ்சளும் வேண்டாமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி விட்டாலும் பக்தர் விடமாட்டார்.

கெஞ்சினேன். மகளை போனில் கூப்பிட்டு அழ வைத்தேன். குழாயைப் பிடித்து நானே மாட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்த வீங்கிய கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"நீங்க போனா நான் மட்டும் இருந்து என்ன செய்ய?"

"கட இருக்கு. பாகு பதம் ஒனக்குத் தெரியும்."

தட்டைத் தூக்கி எறிந்தேன். சோறு சுவரில் ஒட்டிக்கொண்டது. அதை நான்தான் துடைத்தேன்.

நவம்பர் 8

நேற்றிலிருந்து ஒரு பையும் போடவில்லை. மூச்சு இழுக்கிறது. பேசும்போது நடுவில் நிறுத்துகிறார்.

மதினிக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரித்த பைகளைக் காட்டினேன். என்னிடம் மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சாக்கைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார், தம்பி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஏ காளை, சாமிகிட்டச் சொன்னத சாமிகிட்டத்தான் கேக்கணும். பூக் கட்டிப் பாப்போம். வெள்ள வந்தா முருகன் விட்டுக் குடுத்துட்டான்னு அர்த்தம். செவப்பு வந்தா நீ சொல்லுத மாதிரியே இருந்துக்கோ. சம்மதமா?"

இவர் யோசித்தார். "நான் எடுக்க மாட்டேன். உலகும் எடுக்கக் கூடாது."

"கொழந்த ஒண்ண விட்டு எடுப்போம்டா."

"சரிக்கா."

உயிரைக் கொண்டுபோய் இரண்டு பூவில் வைத்துவிட்டார்கள். பாதிக்குப் பாதி. எனக்கு அந்தப் பாதி போதாது. என்ன செய்வது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 9

விடிந்ததும் ஆட்டோ பிடித்துக் கழுகுமலை போனோம். இவரால் நடக்க முடியாததால் ஆட்டோவிலேயே சாய்ந்திருந்தார். நானும் மதினியும் உள்ளே போனோம்.

கோயில் வாசலில் வெள்ளை நந்தியாவட்டை வாங்கினேன், கொஞ்சம் கூடுதலாகவே. மதினி பார்க்க வேண்டுமே என்று செவ்வரளியும் ஒரு கை. இரண்டு வாழையிலைத் துண்டு, கொஞ்சம் நார். பொட்டலம் கட்டப் போவது நான்தானே. இரண்டிலும் வெள்ளையை வைத்தால் முருகன் என்ன செய்ய முடியும்? என் உயிருக்காக நேர்ந்தது, என் உயிர் போனால் போகட்டும். அது என் பாடு, அவன் பாடு.

தூணோரம் உட்கார்ந்து இலையை விரித்தேன். மதினி வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏ, யாருக்காக நேந்ததோ அவ கட்டக் கூடாது. கொண்டா இங்க."

"நானே கட்டுதேன் மதினி."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. தள்ளு."

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். முறை, முறை என்று இந்த மதினி என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் குருக்கள் இரண்டையும் வாங்கி முருகன் காலடியில் வைத்துவிட்டார். மொட்டையடிக்க வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது இரண்டையும் மாறி மாறித் தொட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெள்ள" என்றார் குருக்கள்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மதினி பிரிக்காத மற்றொரு பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போய் ஆட்டோவுக்குள் தலையை விட்டுச் சொன்னார். "வெள்ளதான்டா வந்துச்சு. சாமி விட்டுட்டான். இனிமே ஒரு வார்த்த பேசாத." இவர் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

எதிர்க் கடையில் எனக்கும் மதினிக்கும் காப்பி சொன்னேன். மதினியோடு நின்று நான் காப்பி குடித்தே வருஷக்கணக்காகிறது. அவர் வேண்டாம் என்றார். இடுப்பிலிருந்த பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவர் பாய்ந்தார். அந்தப் பாய்ச்சலைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம். பறித்துப் பிரித்தேன்.

உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை.

"செவப்பு எங்க மதினி?"

"கத்தாதடி. ஆட்டோவுல அவன் காதுல விழுந்துரும். அரளி என் சுருக்குப் பையில இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செய்ய இருந்ததைத்தான் அவர் செய்தார். ஆனாலும் நான் என் உயிரை வைத்து ஆடலாம். என் உயிரை வைத்து மதினி எப்படி ஆடலாம்?

"அப்ப ஒங்களுக்கு ஒங்க தம்பி இருந்தாப் போதும். நேந்தது நெசம்னா போகப் போறது நான்தான? ஒரு நிமிசம் யோசிச்சீகளா? நான் யாரு, அடுத்த வீட்டுக்காரியா?"

மதினி என்னைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஒன்ன விட்டுருவேனாடி கிறுக்கி? நாலு நாளு ஒம் பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஒனக்காக அழுதவ நான். அதுக்குத்தான் பூவ வைக்கும்போதே முருகன்கிட்ட வேற ஒண்ணு சொல்லிட்டேன். உலகுக்கு ஒண்ணும் வரக்கூடாது, நான் காப்பிய விட்டுருதேன்னு."

காப்பி! காப்பி இல்லாவிட்டால் காலையில் கண் தெரியாது என்று சொல்கிற மனுஷி. ஒருவர் எனக்காக இனிப்பை விட்டார், அது அவர் உயிரைக் குடிக்கப் பார்த்தது. அதை ஒருவழியாக முடித்து வெளியே வந்தால், மதினி காப்பியை விட்டுவிட்டு நிற்கிறார். இந்தக் குடும்பத்துக்கு யார் புத்தி சொல்வது? கோபத்தில் இரண்டு காப்பியையும் நானே குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவி, கதவைச் சாத்தி, சிவப்பு மூடியை உடைத்துப் பையை மாட்டினேன். தண்ணீர் உள்ளே இறங்கும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பை தீரும் வரை விடவில்லை.

சாயங்காலம் எடுத்துத் தராசில் மாட்டினேன். போனதைவிட முக்கால் லிட்டர் கூடுதலாக வந்திருக்கிறது.

நவம்பர் 14

கால் வடிந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒரே தலையணையில் தூங்கினார். டாக்டர் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானப் பைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறேன். இவரை இனி நம்புவதாக இல்லை.

மதினி காலையில் வந்தார். தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டியிருந்தார். அடுப்பில் கொதிக்கிற டிகாஷனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒங்களுக்கு என்ன கேடு, யாரு விடச் சொன்னா?" என்று கத்தினேன். "ஒன் வேலையப் பாரு, நீ நல்லாருந்தாச் சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதினியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கழுகுமலைக்குப் போகிறேன். இந்தத் தடவை பூவை நான் கட்டுவேன்.